சாம்பல் நிறப் பலகை

செப்டம்பர் 8
என் அப்பாவின் பழைய மாட்டுக் கொட்டகையைப் பிரித்தாயிற்று. நல்ல பலகைகளைப் பட்டறையில் அடுக்கினேன். விஸ்கான்சின் வெயிலும் பனியும் தின்ற மரம். மீன் செதில் போல மினுங்கும் சாம்பல் நிறம். லோயிஸின் கல்யாணத்துக்கு இதில் ஒரு சாப்பாட்டு மேசை. மகள் வாய் விட்டுக் கேட்ட ஒரே பரிசு.

என் புருஷன் ஓரின், வாயில் புகையிலைக் குழாயோடு, சக்கர நாற்காலியில் வாசலை அடைத்துக்கொண்டு சிரித்தான். "ஆசாரி அம்மாவுக்கு ஆணியில எந்தப் பக்கம் கூருன்னு தெரியுமா?"

ஆயுசெல்லாம் தச்சு வேலை பார்த்தவன். என்னை ஒரு உளியைக்கூடத் தொட விட்டதில்லை. இந்த வருஷம் பனி உருகும்போது வந்த பக்கவாதம் வலது கையையும் காலையும் எடுத்துக்கொண்டது. நாக்கை விட்டுவிட்டது.

செப்டம்பர் 11
ஆணி பிடுங்கினேன். கை முழுக்கச் சிராய்.

செப்டம்பர் 15
வெட்கத்தை விட்டு அவனிடமே கேட்டேன், எப்படித் தேய்ப்பது என்று.

"முரட்டு உப்புத்தாளைப் போட்டு அழுத்தித் தேய். வெள்ளை மரம் தெரியணும்."

தெரிந்தது. சாம்பல் நிறம் முழுக்கப் போய், கடையில் நேற்று வாங்கிய பலகை மாதிரி வெளுத்து நின்றது. "அடடா, போச்சே," என்றான். குரலில் வருத்தமே இல்லை.

செப்டம்பர் 25
மீதிப் பலகைகளை நானாகவே தூரிகையால் தூசி மட்டும் போகத் தேய்த்தேன். நிறம் நின்றது. மேசையும் நின்றுவிட்டது! லேசாக ஆடுகிறது, இருக்கட்டும். இன்று ஆளிவிதை எண்ணெய் பூசினேன். இன்றைக்கே மேலே தண்ணீர் வார்னிஷும் அடிக்கச் சொன்னான். அடித்தேன்.

செப்டம்பர் 28
வார்னிஷ் பாம்புச் சட்டை போல உரிகிறது. இரும்புச் சாமான் கடைக்கார டேலிடம் போனேன்.

"எண்ணெய் காயறதுக்குள்ள வார்னிஷா? யார் சொன்னது?"

ஓரின் என்றேன். டேல் சிரிக்கவில்லை. "அவனுக்குத் தெரியாம இருக்காதே, வெர்னா."

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். ஏன் பொய் சொன்னே? அவன் உருளைக்கிழங்கை மென்றுகொண்டே சொன்னான்: "எல்லாத்தையும் நீயே செஞ்சுட்டா, அப்புறம் என்கிட்ட எதுக்கு வருவே?"

தட்டைப் பிடுங்கிக் குப்பையில் கொட்டினேன். பசியோட கெடக்கட்டும். சாகட்டும்.

அக்டோபர் 4
பேச்சே இல்லை. வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிட்டேன். அவன் வாயைத் திறந்தால் ரேடியோவைச் சத்தமாக வைக்கிறேன். முகம் சுருங்குவதைப் பார்க்க — நன்றாகத்தான் இருக்கிறது. நான் இப்படிப்பட்டவளா?

அக்டோபர் 13
நேற்று முன்தினம் காலை மறுபடி எண்ணெய் பூசினேன். வாசலிலிருந்து கத்தினான். "வெர்னா, எண்ணெய்த் துணியைக் குவிச்சு வைக்காதே! விரிச்சுப் போடு. தானாப் பத்திக்கும்."

தீக்குச்சி இல்லாமல் தீயா? அடுத்த பொய். அவன் கண்முன்னாலேயே எல்லாத் துணியையும் கசக்கி அட்டைப் பெட்டியில் திணித்தேன். ரேடியோவை இன்னும் கூட்டினேன். "வேண்டாம்மா, கெஞ்சிக் கேக்கறேன்," என்றான். கெஞ்சட்டும் என்று அவனை வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போய் விட்டேன். மதியம் சொல்லாமல் கொள்ளாமல் பின்வழியாகக் கடைத்தெருவுக்குப் போய்விட்டேன். ரேடியோவை அணைக்கவில்லை. நான் பட்டறையில் இருப்பதாக நினைத்துக் கிடக்கட்டும் என்றுதான்.

நினைத்திருக்கிறான்.

திரும்பி வந்தபோது பட்டறை இல்லை, மேசையும் இல்லை. தீயணைப்பு ஆள் சொன்னான்: "உள்ள தவழ்ந்து போயிருக்காரும்மா. நாங்க வெளிய இழுக்கும்போதும் உங்க பேரைச் சொல்லியே கத்தினாரு."

இடது கை வெந்துவிட்டது. விரல்கள் தேறாது என்கிறார்கள்.

அக்டோபர் 14
ஆஸ்பத்திரிக்கு லோயிஸ் வந்தாள். எப்படிம்மா தீப்பிடிச்சுது என்றாள். என் வாய் சொன்னது: "உங்கப்பா பத்தவச்ச புகையிலைக் குழாய்தான்."

அவன் விழித்துத்தான் இருந்தான். என்னையே பார்த்தான். சொல்லிவிடுவான், இதோ சொல்லிவிடுவான் —

"ஆமா. நான்தான்."

"அம்மா ஒண்ணைச் செஞ்சா உங்களுக்குப் பொறுக்காதே!" என்று லோயிஸ் அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அக்டோபர் 26
கல்யாணம். அப்பா வர வேண்டாம் என்று லோயிஸ் சொல்லிவிட்டாள். நான் போனேன். ஆடினேன்கூட.

நவம்பர் 9
லோயிஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள். என்னிடம் மட்டும் பேசினாள். அவன் பக்கத்திலேயே இருந்தான்; எல்லாம் கேட்டிருக்கும். தொலைபேசியை வைத்துவிட்டு அவனுக்கு சூப் ஊட்டினேன். "சூடா இருக்கா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்து, அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தான். உதட்டைத் துடைக்கும்போது பார்த்தேன், நாக்கு சிவந்து, வெந்து கொப்பளித்திருந்தது.