ஊசியில்லாத மயக்கம்

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். உங்கள் இடுப்பு வலி குறைந்ததா? மகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இங்கே புதிதாக ஒரு நர்ஸ் வந்திருக்கிறாள். பேசியே நோயாளியை மயக்கிவிடுவாளாம். மயக்க மருத்துவர்கள் நாங்கள் எல்லோரும் முதலில் சிரித்தோம். "இனி நமக்கு வேலை இல்ல, வீட்டுக்குப் போகலாம்" என்றார் எங்கள் பெரிய டாக்டர். இப்போது அவரே அவளைத்தான் தேடுகிறார். எனக்கு வயிறு எரிகிறது. பதினாறு வருடமாக ஊசி போடுகிறேன், ஒருவராவது என் கையைப் பிடித்து நன்றி சொன்னதுண்டா?

நேற்று ஒரு அம்மாவுக்குக் கழுத்துக் கட்டியை எடுத்தார்கள். மரத்துப்போகும் ஊசியை மட்டும் நான் போட்டேன். மற்றதை அந்த நர்ஸ் பார்த்துக்கொண்டாள்.

"உங்க வீட்டு வாசல்ல நிக்கிறீங்க. மெதுவா கதவைத் திறங்க."

கத்தி வைத்தபோதும் அந்த அம்மா முகம் சுளிக்கவில்லை. "டாக்டர், பிரஷர் எவ்வளவு?" என்று சர்ஜன் இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது, நானும் நம் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவளிடம் இதைச் சொல்வேனா!

போன மாதம் கதவுக்குப் புது பெயிண்ட் அடித்ததாக எழுதியிருந்தீர்கள். என்ன நிறம் என்று எழுதவில்லையே. உடனே சொல்லுங்கள். டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்களவள்