மஞ்சள் நாடாவுக்குள் காலி இடம்

அனுப்புநர்:
மார்லீன் வோய்சிக், உரிமையாளர், வோய்சிக் தகட்டுப் பட்டறை, ஹாலோவே, விஸ்கான்சின்.

பெறுநர்:
தலைவர் அவர்கள், வரி விதிப்புக் குழு, மாநிலச் சட்டமன்றம்.

பொருள்: உயர் வருமானத்தார் மீதான கூடுதல் வரியிலிருந்து பட்டறைச் சேமிப்புக்கு விலக்கு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. டிராக்டர்களுக்குத் தகடு வளைத்துக் கொடுக்கும் சிறிய பட்டறை எங்களுடையது. அதன் லாபத்தை நான் வீட்டுக்கு எடுத்துப் போகாவிட்டாலும், முழுவதும் என் சொந்த வருமானமாகவே கணக்கில் ஏறுகிறது. ஆகவே காகிதத்தில் நான் பெரும் பணக்காரி. வெள்ளிக்கிழமை ஊரார் கூடிச் சாப்பிடும் மீன் வறுவல் விருந்துக்குப் போனால், "வாங்க கோடீஸ்வரி! இன்னிக்கு எல்லாருக்கும் பீர் உங்க செலவுதானே?" என்று கேலி செய்கிறார்கள். நான் போய் இறங்குவதோ துருப்பிடித்த வேனில்.

2. எங்கள் வளைப்பு இயந்திரம் மிகப் பழையது. கை உள்ளே போனால் தானே நின்றுவிடும் புதியது ஒன்று வாங்க, லாபத்தைப் பட்டறையிலேயே சேர்த்து வந்தேன். அது வரவேண்டிய இடத்தை எங்கள் தொழிலாளி லைல் டோர்ன் அளந்து, தரையில் மஞ்சள் நாடா ஒட்டினார். அந்த ஆண்டுதான் கூடுதல் வரி வந்தது. சேர்த்ததில் பெரும்பகுதி அதற்குப் போயிற்று. "விடு மார்லீன், அடுத்த வருஷம் பாத்துக்கலாம். இந்தக் கிழம் இன்னும் ஓடும்" என்றார் லைல்.

3. சென்ற பிப்ரவரியில் அந்தப் பழைய இயந்திரம் அவருடைய வலக்கை விரல்களைக் கட்டைவிரலோடு சேர்த்து எடுத்துக்கொண்டது. வரிதான் எடுத்தது என்று நான் சொல்ல வரவில்லை. பெரும் செல்வரிடம் வரி வாங்குவதையும் எதிர்க்கவில்லை. ஆனால் வேறு வழியின்றி அதே இயந்திரத்தை இன்றும் ஓட்டுகிறோம்.

4. நாடாவுக்குள் யாரும் கால் வைப்பதில்லை. தள்ளுவண்டியோடு வருபவர்களும் சுற்றியே போகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவரிடம் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை, அவரும் சுற்றித்தான் நடக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

5. இப்போது அந்த வரியை மேலும் உயர்த்தும் மசோதா தங்கள் முன் உள்ளது. இயந்திரத்துக்கென ஒதுக்கும் லாபத்தை, நான் வீட்டுக்கு எடுத்துச் செல்லும்வரை என் வருமானமாகக் கருதாதிருக்க அதில் ஒரு பிரிவு சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முடிவெடுக்கும் முன் ஒருமுறை நேரில் வந்து பாருங்கள். நாடாவைப் பிய்த்துவிடலாம் என்று பலமுறை குனிந்தேன், மனம் வரவில்லை. அதன் மூலையில், அழுத்தி ஒட்டிய கட்டைவிரலின் எண்ணெய் ரேகை இன்னும் இருக்கிறது. அது லைலின் வலக்கை ரேகை.

இடம்: ஹாலோவே
நாள்: நவம்பர் 14

இப்படிக்கு,
(ஒப்பம்)
மார்லீன் வோய்சிக்