பௌர்ணமித் தண்ணீர்

புத்தூர், திருச்சி
28.4.2025

அன்புள்ள பிரான்சி அப்பாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் பிள்ளையும் நலம். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். மே 11 ஞாயிறு பிரான்சிக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். நம் கோவிலில் பிள்ளையின் மெழுகுதிரியை அப்பாதான் ஏற்றித் தருவார், தெரியும்தானே? "அப்பா வருவாங்களாம்மா?" என்று தினமும் உயிரை வாங்குகிறாள். வருவீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என் மானத்தைக் காப்பாற்றுங்கள்.

உங்கள் ஜென்சி

முத்துப்பேட்டை
4.5.2025

என் ஜென்சிக்கு,

ஞாயிறு என்னால் வர முடியாது. பன்னிரண்டாம் தேதி பௌர்ணமி. அதற்கு முந்தின இரண்டு நாளில் இங்கே அலையாத்திக் காட்டில் மண்டிக்கிடக்கும் நாணலைத் தரையோடு அறுத்துவிட்டால், ஏறி வரும் கடல் நீர் அடிக்கட்டையை மூழ்கடித்து அழுக வைக்கும். அமாவாசை வரை காத்திருந்தால் கன்றுகள் மிஞ்சாது.

புயலுக்குப் பிறகு கரை அரிக்காமல் இருக்கட்டும் என்று, கொள்ளிடக் கரையிலிருந்து லாரியில் கொண்டுவந்து அதை நட்டவன் நான்தான். இன்று அது ஓடைகளை அடைத்து, அலையாத்திக் கன்றுகளைச் சாகடிக்கிறது. இறால் பிடிக்கிற ஹஃப்ஸாக்கா, "நீங்க வச்சதுதானே தம்பி, நீங்களே எடுங்க" என்றார்.

திரியை ரெஜிஸ் மச்சானை ஏற்றச் சொல். மன்னித்துவிடு.

பிரவீன்ராஜ்

முத்துப்பேட்டை
20.5.2025

ஜென்சி,

தண்ணீர் வரவில்லை. முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. நாற்பது பேர் அறுத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மணலை அள்ள மனு கொடுத்திருக்கிறோம். எப்போது அனுமதி வருமோ தெரியாது. அறுத்த இடமெல்லாம் முழங்கால் உயரத்துக்குத் தளிர், முன்பைவிட நெருக்கமாக.

பிள்ளை அழுதாளா? ஒரு வரி எழுது.

பிரவீன்ராஜ்

புத்தூர், திருச்சி
3.6.2025

அன்புள்ள பிரான்சி அப்பாவுக்கு,

உங்களுக்கு நன்றாக வேண்டும் என்று நினைக்கப் பார்த்தேன். முடியவில்லை, எனக்கும் அழுகைதான் வந்தது.

ரெஜிஸ் அண்ணன்தான் திரி ஏற்றினார். பிரான்சி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

நேற்று ஸ்கூல் திறந்தார்கள். அவசரத்துக்குக் கூப்பிட்டால் உடனே வரக்கூடியவர் பெயரும் போன் நம்பரும் கேட்டு ஒரு படிவம் கொடுத்தார்கள். உங்கள் பெயரைத்தான் எழுதினேன். பக்கத்தில் நின்ற பிரான்சி எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா பேரை எழுதும்மா. அப்பா பாவம், அவங்களால வர முடியாது" என்றாள். கோபமே இல்லை அவள் குரலில்.

உங்கள் பெயரை அடித்துவிட்டு அண்ணன் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

ஜென்சி