மருந்து செலுத்திய கை

இன்று மார்க்கெட்டில் ரசத்துக்கு மல்லித்தழை வாங்கினேன். கீரைக்காரம்மா கிள்ளிப் போட்ட காம்புகளையும் தனிப் பையில் கட்டிக் கொடுத்தார். "மதினி கேப்பாகள்ல, அண்ணாச்சி" என்றார். நீ போன செய்தி அவருக்கு இன்னும் தெரியவில்லை. பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ் முழுக்க அந்தப் பச்சை வாசம் என் மடியிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நம் மகள் கல்லூரி விடுதிக்குப் போகும்போது வாலில்லாத எலி மாதிரி இருந்த, மல்லிக்காம்பு என்றால் உயிரை விடும் தன் கினி பிக்கை நம் தலையில் கட்டிவிட்டுப் போனாளே. அடி பருத்து, உச்சியில் மயிரைச் சிலுப்பிக்கொண்டு நின்றதைப் பார்த்து, "பூச்சட்டியேதான்" என்று புஸ்வாணத்தின் பெயரைச் சொல்லிச் சிரித்தாய். அந்தப் பெயரே நின்றுவிட்டது. முதல் வாரம் அது கூண்டுக்குள் இருந்த அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. நான் மேலேயிருந்து கையை விட்டு லபக்கென்று பிடிக்கப் போனேன். அது போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

"உங்க பிரஸ்ல பேப்பர உருவுற மாதிரில்ல பாயுறீக! மருந்துகிட்ட கையக் கொண்டுபோற மாதிரி போங்க. உரசக் கூடாது, பதறக் கூடாது" என்றாய்.

தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் பதினெட்டு வருடம் வெடிக்கு மருந்து செலுத்திய கை உன்னுடையது. தட்டை இழுக்காமல் தூக்கி, சத்தமில்லாமல் இறக்கி வைத்துப் பழகிய கை. வேலை முடிந்து வந்ததும் தேய்த்துக் கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடியும் கழுவுவாய். பிறகு உள்ளங்கையை விரித்துக் கூண்டுக்குள் வைத்துவிட்டு என்னோடு ஊர்க்கதை பேசுவாய். பூச்சட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். நாலு நாள் அந்தக் கை அங்கே சும்மா கிடந்தது. ஐந்தாம் நாள் வந்து முகர்ந்தது. அப்புறம் ஒரு காலை மட்டும் எடுத்து வைத்தது. "மெதுவா வாலே, எனக்கென்ன அவசரம்" என்றாய்.

ஒரு சாயங்காலம் ஊருக்கு வெளியே யாரோ சாம்பிள் வெடி போட்டுப் பார்த்தார்கள். ஜன்னல் அதிர்ந்தது. பெட்டிக்குள் ஓடி ஒளியும் என்று நினைத்தேன். அது பெட்டியைத் தாண்டி ஓடி, உன் கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பகலெல்லாம் வெடி செய்த கைக்குள், வெடிக்குப் பயந்து ஓர் உயிர்!  உன்னைக் கட்டி இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் உன் கையை அன்றுதான் பார்த்ததுபோல் இருந்தது.

காய்ச்சலென்று படுத்தவள் பத்தே நாளில் போய்விட்டாய். அதோடு பூச்சட்டி தீனியையும் விட்டது. இப்படியே போனால் பிழைக்காது என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டார். "அதையாச்சும் காப்பாத்துங்கப்பா" என்று மகள் போனில் அழுதாள். நீ செய்தபடியே கையை விரித்து வைத்தேன். முகர்ந்துவிட்டுப் பின்வாங்கியது. உன்னை நினைத்து ஏங்குகிறது என்று நானும் சேர்ந்து அழுதேன். அழுது கண்ணைத் துடைத்தபோதுதான் மூக்கில் ஏறியது மண்ணெண்ணெய் வாடை. அச்சு மையைப் போக்க மண்ணெண்ணெய் போட்டால்தான் பிரஸ்காரனுக்குக் கை சுத்தம்!

உன்னைப்போலத் தேய்த்தேன், முகர்ந்தேன், மறுபடியும் தேய்த்தேன். கையை வைத்துவிட்டு வேறெங்கோ பார்த்தபடி, பேச ஆளில்லாமல் உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன். சாயங்காலத்துக்குள் வெள்ளரித் துண்டை என் விரலிலிருந்து இழுத்துத் தின்றது.

போன வாரம் பிரஸ்ஸில் காலண்டர் சீசன், தலைக்கு மேல் வேலை. கிளம்பும் முன் கூண்டுக்குள் வெறுங்கையைத்தான் வைத்தேன். ஏறி வந்து, காலை நீட்டிப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டது. இத்தனூண்டு நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. இவ்வளவு பயந்த உயிர் என்னை நம்பித் தூங்குகிறதே என்று மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது.

"அண்ணாச்சி, எங்கன இருக்கீக? மிஷின் சும்மா நிக்கி" என்றார் போர்மேன்.

"இன்னைக்கு வர முடியாதுய்யா. கையில ஆளு தூங்குது" என்றேன்.

நீ காய்ச்சலில் கிடந்தபோது, "இன்னைக்கு ஒருநா இருங்களேன்" என்றாய். லோடு போகணும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவன் நான். பூச்சட்டி என் கையில் தூங்கிய அன்று, மத்தியானத்துக்குள் கை மரத்துப்போனது. எடுக்கவில்லை.