வழிமொழிந்தவர் பெயர் இல்லாத தீர்மானம்

9 ஜனவரி 1955, செங்கற்பட்டு
இன்று விஞ்ஞான மன்றக் கூட்டம். இருபது பேரில் முக்கால்வாசி என்னைப் போல அரசாங்கச் சம்பளம் வாங்கும் வாத்தியார்கள். போன கார்த்திகைப் புயலில் கடப்பாக்கத்துக் கட்டுமரங்கள் பல திரும்பவில்லை. சென்னைத் துறைமுகத்துக்கு முந்தின நாளே தந்தி போய், புயல் எச்சரிக்கைக் கூண்டும் ஏற்றியிருக்கிறார்கள். மீனவர் குப்பங்களுக்குச் சொல்ல மட்டும் ஏற்பாடு கிடையாதாம்! குப்பங்களுக்கும் தந்தி அனுப்பு, கரையில் கூண்டுக் கம்பம் நடு என்று அரசாங்கத்துக்குத் தீர்மானம் போடுவோம் என்றேன். எல்லாக் கையும் உயர்ந்தது. "முன்மொழியறது யாரு?" என்று தலைவர் ராஜாராம் கேட்டதும் எல்லாக் கையும் இறங்கிவிட்டது.

நானே முன்மொழிந்தேன். கணக்கு வாத்தியார் வரதன் என் பக்கம் குனிந்து, "நான் வழிமொழியறேன் டீச்சர். பேரு மட்டும் போடாதீங்க" என்றார். இப்படியும் ஒரு வழிமொழிதல்!

17 ஜனவரி
தலைவருக்கு உதறல். "விஞ்ஞான மன்றம் விஞ்ஞானத்தோட நிக்கணும். அரசாங்கம் என்ன செய்யணும்னு நாம சொல்லலாமா?" புயலைக் கணிப்பது விஞ்ஞானம், கணித்ததை யாருக்குச் சொல்வது என்பது மட்டும் அடுத்தவன் வேலையா? கேட்டேன். தீர்மானத்தோடு அனுப்பும் மனுவில் எங்கு பார்த்தாலும் 'தாழ்மையுடன்' சேர்த்து வைத்திருக்கிறார். ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அடித்தேன்.

6 பிப்ரவரி
கடப்பாக்கம் போய் வந்தேன். புயலில் புருஷனைப் பறிகொடுத்த கன்னியம்மா கேட்டாள்: "பட்டணத்துக்குத் தெரிஞ்சிகீது. எங்களாண்ட சொல்ல ஒருத்தருக்கும் வாய் இல்லியா?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. அந்தக் கேள்வியை அப்படியே மனுவில் எழுதி, தலைவர் கண்ணில் படுமுன் தபாலில் சேர்த்துவிட்டேன்.

21 மார்ச்
மன்றத்துக்குப் பதில்: 'பரிசீலனையில் உள்ளது.' எனக்குத் தனியாக ஒரு மெமோ: அரசாங்க ஊழியர் அரசாங்கத்தின் கொள்கையை விமர்சித்தது ஏன்?

அண்ணன் நூர்முகமது கத்தினான். "இன்னாத்துக்கு ஹபீபா உனக்கு இந்தப் பேஜாரு? மன்னிப்பு எழுதிக் குட்த்துட்டு கம்முனு இரு." மன்னிப்பா? எதுக்கு? நான் என்ன திருடினேனா? மாட்டேன். 'என் மனுவில் பிழை இருந்தால் காட்டுங்கள்' என்று எழுதி அனுப்பினேன்.

6 ஜூன்
மாற்றல் உத்தரவு. எந்த ஊர்? கடப்பாக்கம்! 'இந்தா, உன் கம்பத்தை நீயே போய் நட்டுக்கோ' என்று யாரோ மேசை முன் உட்கார்ந்து சிரித்திருப்பார். சிரிக்கட்டும். போகிறேன்.

7 ஜூன்
அழுதேன். ஒரு தரம்தான்.

19 செப்டம்பர், கடப்பாக்கம்
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கம்பம் நடுகிறார்கள். அரசாங்கம் தானாக யோசித்துச் செய்த ஏற்பாடாம். மன்றத்தின் பெயர் எங்கும் இல்லை. வந்த ஓவர்சியர் கூடியிருந்தவர்களைக் கேட்டார்: "தந்தி இங்கிலீஷ்ல வரும். அதைப் படிச்சு, கூண்டு ஏத்தறதுக்கு இந்த ஊர்ல ஆள் உண்டா?"

"உண்டு. நீங்க தண்டனை குட்த்து அனுப்பிச்சீங்களே, அந்த டீச்சர்தான்" என்றாள் கன்னியம்மா. வயிறு வலிக்கச் சிரித்தேன். ஓவர்சியர் சிரிக்கவில்லை.

29 நவம்பர்
தந்தி வந்தது. கூண்டு ஏற்றினேன். வானமோ துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. கன்னியம்மாவின் மகன் கண்ணாயிரம் சண்டைக்கு வந்தான். "வானம் நல்லா கீது. இன்னிக்குப் பொழப்பு போனா நீயா சோறு போடுவ?" நான் வாய் திறக்குமுன் அவன் அம்மா துடுப்பைப் பிடுங்கித் தரையில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். "போடா பாக்கலாம்." ஒருத்தரும் போகவில்லை. புயல் வராவிட்டால் நாளை இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

30 நவம்பர்
வந்தது. பள்ளிக்கூரை போய்விட்டது. கட்டுமரங்கள் எல்லாம் கரையில். ஆட்கள் எல்லாரும் கரையில்.

11 டிசம்பர்
அரசாங்கத்தின் முன்யோசனை பலித்ததாகப் பத்திரிகையில் செய்தி. இருக்கட்டும், மாலையை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். மற்றக் குப்பங்கள்?

மன்றத்தார் பஸ் பிடித்து வந்து, கூரையில்லாத வகுப்பில் கூட்டம் போட்டார்கள். நெம்மேலிக்கும் மாமல்லபுரத்துக் குப்பத்துக்கும் கம்பம் கேட்டுத் தீர்மானம். இந்தத் தடவை 'தாழ்மையுடன்' ஒன்றுகூட இல்லை, தலைவரே எழுதியது. முன்மொழிய நான் கை தூக்கினேன்.

"வழிமொழியறது யாரு?"

வரதன் எழுந்தார். தனக்கும் மெமோ வரும் என்று அவருக்குத் தெரியும். வேட்டி நுனியைக் கசக்கிக்கொண்டே இருந்தார்.

"நான்தான். பேரைப் போடுங்க டீச்சர். இனிஷியலோட போடுங்க."