செவலிக்கு ஒரு தாயத்து

ஜோகூர் பாருவிலிருந்து மகன் குருசாமி அம்மாவின் பாதம் தொட்டு எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறதென்று தங்கச்சியை எழுதச் சொல்லுங்கள்.

இங்கே வெறிநாய்க் கடி பரவுகிறதென்று சர்க்கார் சட்டம் போட்டிருக்கிறது. கழுத்தில் பித்தளை வில்லை இல்லாத நாயைத் தெருவில் கண்டால் சுடுகிறார்கள். லயத்து வரிசை வீட்டில் இருக்கிற கூலிக்கு வில்லை தர முடியாதென்று எங்கள் கணக்கெழுதும் கிராணி சொல்லிவிட்டார்.

என் வாசலில் படுக்கிற செவலி நாய், போன வாரம் நான் தெருக் கூட்டப் போனபோது பின்னாலேயே வந்துவிட்டது. எதிரே துப்பாக்கிக்காரன். நான் கப்பல் ஏறும்போது நீங்கள் போட்டுவிட்ட செம்புத் தாயத்தைக் கழற்றி அதன் கழுத்தில் மாட்டினேன். அவன் கூட வந்த தமிழ்ப் போலீஸ்காரர் தூரத்திலிருந்தே, "வில்லை இருக்கா?" என்றார். "இருக்குங்க" என்றேன். வெயிலில் செம்பு மின்னியது. துப்பாக்கி இறங்கியது. நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை.

தாயத்து இல்லாமல் ராத்திரி படுக்கக் கூடாதென்று நீங்கள் சொன்னதை மீறவில்லை. பகலில் அது செவலிக்கு, ராத்திரி எனக்கு. அதனால் பூசாரியிடம் இன்னொன்று மந்திரித்து வாங்கி அனுப்புங்கள். செம்பிலேயே இருக்கட்டும். யாருக்கென்று கேட்டால் நாய்க்கென்று சொல்ல வேண்டாம், நம் வீட்டுப் பிள்ளைக்கென்று சொல்லுங்கள். இந்த ஊரில் என் காலடிச் சத்தம் தெரிந்தது அதற்கு மட்டும்தான்.

விடியற்காலையில் உட்கார்ந்து இதை எழுதும்போதே ரோட்டுப் பக்கம் வெடிச் சத்தம் கேட்கிறது. செவலி வாசலில் இல்லை. இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் அம்மா. தாயத்து இன்னும் என் கழுத்தில்தான் கிடக்கிறது.