மாதம் இரண்டு ஞாயிறு

மில் தெரு, ராவன்ஷா
4 அக்டோபர் 1999

என் அவ்ரிலுக்கு,

நல்லா இருக்கியாடி? ஒரே ஊர்ல இருந்துக்கிட்டுத் தபால் போடுறாளேன்னு சிரிக்காதே. நேர்ல கேட்க வந்தா பாதியிலேயே எழுந்து ஓடிடுவேன்.

நேத்து கனவுல நம்ம பள்ளிக்கூடம் வந்துச்சு. நிறுவனர் நாள். நானூறு பொண்ணுங்க ஷூவைக் கழட்டிட்டு ஹாலுக்குள்ள போறோம், காலடிச் சத்தமே இல்ல. ஜன்னல்ல மழை வெளிச்சம். ஓல்ட்ராய்ட் அம்மா, செத்துப்போன புருஷனோட மில் பணத்துல கட்டின பள்ளிக்கூடம். முதல் நாள் வந்த பதினோரு நெசவுக்காரப் பொண்ணுங்க மரச்செருப்பை வாசல்ல விட்டுட்டு உள்ள போனாங்களாம், அதனாலதான் நாமளும் கழட்டணும்னு சொல்லுவாங்களே! நீ காலுறையில ஓட்டையோட நின்னே. பாட்டு மட்டும் மிதந்துக்கிட்டே இருந்துச்சு.

அங்கே என் கிர்ஸ்டியும் நிக்கணும்டி. அவ அப்பா கென் செத்துப் போனதுலேர்ந்து எதுக்கும் ஆசைப்படாத பொண்ணு, இதுக்கு மட்டும் ஆசைப்படுறா. சர்ச்சுக்கு வர்ற குடும்பங்களுக்குத்தான் இப்ப அங்கே முதல் இடமாம். இதோட வச்சிருக்கிற சேர்க்கை விண்ணப்பத்துல போதகர் நிரப்ப ஒரு வரி இருக்கு: ‘இந்தக் குடும்பம் மாதம் இரண்டு ஞாயிறாவது ஆராதனைக்கு வருகிறதா?’ ஆமான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடு. நீதானே எங்க போதகர்!

உன் தெல்மா

*

போதகர் இல்லம்
7 அக்டோபர்

அன்பு தெல்மா,

உன் கனவைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள டீ ஆறிப்போச்சு. அந்த ஓட்டையை இன்னுமா ஞாபகம் வச்சிருக்கே, கழுதை!

ஆனா என்னால முடியாதுடி. கென்னை அடக்கம் பண்ணி ரெண்டு வருஷமாச்சு, நீ சர்ச்சுக்குள்ள ஒரு தடவைகூட வரல. ஆமான்னு எழுதினா அது பொய். என் சபையிலேயே நாலு பிள்ளைங்க மனு போட்டிருக்காங்க, பனியிலயும் மழையிலயும் வந்தவங்க. கிர்ஸ்டிக்குக் கிடைச்சா அவங்கள்ல ஒருத்திக்குக் கிடைக்காமப் போயிடும். திட்டணும்னா திட்டிக்கோ.

அவ்ரில்

*

9 அக்டோபர்

மதிப்பிற்குரிய போதகர் அம்மா அவர்களுக்கு,

திட்டத்தான் போறேன். வேதப் பாடப் பரீட்சையில என் பேப்பரைப் பார்த்து எழுதினவ, எனக்கே உண்மையைப் பத்திப் பாடம் நடத்துறியா?

நாங்க வர்றோம்டி. ஒவ்வொரு ஞாயிறும். பின்பக்கச் சுவர் ஓரமா, கென் கல்லறைகிட்ட. நீங்க பாடுறது ஜன்னல் வழியா வரும், தண்ணிக்கடியில யாரோ பாடுற மாதிரி. கிர்ஸ்டிக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம். உள்ள வரணும்னுதான் பார்க்கிறேன். கென்னோட சவப்பெட்டியை வச்சிருந்த இடம் கண்ணுக்கு முன்னாடி வந்துடுது, கால் நகர மாட்டேங்குது. கடைசிப் பாட்டு முடியுறதுக்குள்ள கிளம்பிடுவோம், நீ பார்த்துடக் கூடாதுன்னு.

தெல்மா

*

12 அக்டோபர்

என் தெல்மா,

ரெண்டு வருஷமா பத்தடி தூரத்துல நின்னிருக்கே, எனக்குத் தெரியாமப் போச்சே! ரொம்ப அழுதேன்டி.

விண்ணப்பத்தை அனுப்பிட்டேன். அந்த வரியில ஆமான்னும் எழுதல, இல்லைன்னும் எழுதல. ‘ஒவ்வொரு ஞாயிறும், சுவருக்கு வெளியே’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பள்ளிக்கூட நிர்வாகக் குழு கூப்பிட்டா நேர்லயே போய்ச் சொல்லுவேன். நெசவுக்காரர் வீட்டுப் பொண்ணு எந்தச் சபையில ஜெபிச்சாலும் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு ஓல்ட்ராய்ட் அம்மா பள்ளிக்கூடத்துப் பத்திரத்துலயே எழுதி வச்சிருக்காங்க. இப்ப இருக்கிறவங்க ஞாயிறை எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. கிடைக்குமான்னு தெரியல.

அவ்ரில்

*

2 மார்ச் 2000

அவ்ரிலு,

பதில் வந்துடுச்சு. கிர்ஸ்டிக்கு இடமில்லை. ‘ஆராதனையில் கலந்துகொண்டதாகக் கருத இயலாது’ன்னு ஒரே வரி. நேத்து பூரா அவ ரூமை விட்டு வெளியே வரல. எனக்கு அந்தக் குழு மேலதான் கொதிக்குது, உன் மேல இல்ல. நீ பொய் எழுதியிருந்தா கிடைச்சிருக்குமேன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு, மறைக்க மாட்டேன்.

இன்னிக்குக் காலைல கஞ்சி குடிச்சுக்கிட்டே கேட்கிறா: “அம்மா, இனிமே நம்மளை யாரும் எண்ணப் போறதில்லையே. இப்ப உள்ள போகலாமா?”

சரின்னுட்டேன். ஞாயித்துக்கிழமை கதவு வரைக்கும் வந்துடுவேன். அங்கேயே நின்னுட்டேன்னா, அங்கி போட்டிருக்கியேன்னு பார்க்காதே. இறங்கி வந்து என் கையைப் பிடி.

உன் தெல்மா